டானிக் மட்டும் சாப்பிடுகிறவர்

பெங்களூரில் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், குடிக்காதவர்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் அகப்படாத மூன்றாவது இனம் ஒன்றும் இருக்கிறது: மருந்தாகச் சாப்பிடுகிறவர்கள். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். சாராயக் கடை இருக்கும் பக்கம் காற்று வாங்கக்கூடப் போகமாட்டார். கெமிஸ்ட் கடையில் ஒயின் டானிக் வாங்கி, பத்திரிகைத் தாளில் சுற்றி, பையில் கறிவேப்பிலைக்கு அடியில் வைத்து எடுத்து வருவார். மருந்துக்கு எதற்கு மறைப்பு என்று கேட்டுவிடாதீர்கள். சாப்பாட்டுக்கு முன் ஒரு அவுன்ஸ் என்று டாக்டர் சொல்லியிருந்தால், சாப்பாட்டுக்குப் பின்னும் உண்டு, சாப்பாடு தாமதமானால் அதற்கும் உண்டு, மழை பெய்தால் குளிருக்கு, மழை நின்றால் மறுபடி பெய்யுமே என்பதற்கு. தூக்கத்துக்கு மாத்திரை தனி. எழுதிக் கொடுத்த டாக்டர் காலமாகிப் பல வருஷமாயிற்று. மருந்து மட்டும் தீர்க்காயுசோடு இருக்கிறது.

மல்லேஸ்வரம் கஸ்தூரிரங்கன் இந்த இனத்தின் உத்தமப் பிரதிநிதி. சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மதுவின் தீமையைப் பற்றி எங்கே கூட்டம் போட்டாலும் முதல் பேச்சாளர். குடலிறக்க ஆபரேஷனுக்காக ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

அங்கே ஜூடித் என்ற இளம் டாக்டர், ஆபரேஷனுக்கு வருகிற எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பாள்: குடிப்பதுண்டா? பக்கத்துக் கட்டிலில் ஸ்ரீராம்புரத்துப் பச்சைமுத்து.

"தெனம் சாயங்காலம் உண்டும்மா. இல்லேன்னா கை ஒதறும். ஒளிக்கிறதுக்கு இன்னா கீது?"

"நீங்க, சார்?"

கஸ்தூரிரங்கன் போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டார். "என்னைப் பார்த்தா இதைக் கேக்கறேள்? எங்க வம்சத்துக்கே அந்த வாடை தெரியாது."

"தூக்க மாத்திரை, டானிக் ஏதாவது?"

"அதெல்லாம் ஆகாரம் மாதிரி. அதைப்போய்க் குடியோட சேர்க்காதேள்!"

பக்கத்தில் நின்ற மனைவி அனந்தலக்ஷ்மி ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலில் ஒன்றும் இல்லை.

குடிகாரன் பச்சைமுத்துவுக்கு ஆபரேஷனைச் சில நாள் தள்ளிவைத்து, முதலில் நடுக்கத்துக்கு மருந்து கொடுத்தார்கள். பரிசுத்தரான கஸ்தூரிரங்கன் நேராக ஆபரேஷன் மேஜைக்குப் போனார். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. இரண்டு நாள் கழித்துப் பரிசுத்தருக்குக் கை நடுங்கிற்று. வியர்த்துக் கொட்டிற்று. சுவரெல்லாம் எறும்பு என்றார். நர்ஸ் மௌரீனை ஆபீஸ் பியூன் என்று நினைத்து, "ஃபைல் எங்கேடா?" என்று அதட்டினார். தையல் போட்ட வயிற்றோடு கட்டிலிலிருந்து குதிக்கப் பார்த்தார். பிறகு வலிப்பு வந்தது. இந்த இடத்தில் எனக்கும் கேலி வரவில்லை.

ஜூடித் ஓடி வந்தாள். "அம்மா, உண்மையைச் சொல்லுங்க. எதை நிறுத்தினதால இப்படின்னு தெரியாம நான் எதைக் கொடுக்கிறது? உயிருக்கு ஆபத்து."

"டானிக்..." என்று ஆரம்பித்தாள் அனந்தலக்ஷ்மி. புருஷனைக் கட்டிலோடு அமுக்கிப் பிடித்திருந்த வார்டு ஆட்களைப் பார்த்தாள். "குடிக்கிறார், டாக்டர். எத்தனையோ வருஷமா. காலம்பறயும் குடிக்கிறார். மேலே மாத்திரையும் போட்டுக்கறார்."

அந்த வினைச்சொல்லை அவர்கள் வீட்டில் அதுவரை யாரும் உச்சரித்ததில்லை.

அதன்பிறகு ஊசி, வைட்டமின், இரவும் பகலும் காவல். பிழைத்தார். புத்தி தெளிந்ததும் ஜூடித் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"திட்ட வரலே, சார். டானிக்னே வெச்சுக்குவோம். தினம் எவ்வளவு?"

"ஒரு பாட்டில். சில நாள் போறாது," என்றார். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். அனந்தலக்ஷ்மி அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

டானிக்கை விட்டார், மாத்திரையை டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். மாதாமாதம் ஜூடித்திடம் போய்க் காட்டிக்கொள்கிறார். ஆனால் இனத்தின் குணம் போகுமா? "மயக்க மருந்தை ஜாஸ்தியாக் குடுத்துட்டா, அதான் அப்போ கொஞ்சம் பிதற்றினேன்," என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் இருப்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"எனக்கும் அதே மயக்க மருந்துதான் சாமி," என்றான் ஒருநாள் அங்கே காத்திருந்த பச்சைமுத்து. "விட்டிருந்தேன், போன வாரம் மறுபடி குடிச்சிட்டேன். அதான் வந்திருக்கேன்."

நீங்கள் இந்த இனமில்லை, எனக்குத் தெரியும். உங்களுடையது வெறும் இருமல் மருந்து. நாளைக்கு ஒரு டாக்டர் உங்களிடம் இதே கேள்வியைக் கேட்டால் பளிச்சென்று "இல்லை" என்று சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால், கூட வந்தவர் ஜன்னலைப் பார்க்கிறாரா என்று மட்டும் திரும்பிப் பார்த்துவிடாதீர்கள்.