தாளடியில் ஒரு கதறல்

மன்னார்குடியில் எங்கள் தெருவில் நிம்மதியாகத் தூங்கிய ஒரே ஜீவன் டமாலுடைய ஸ்பீக்கர்தான். அதுவும் கரண்ட் போனால்.

டமால் மைக்செட் கடைக்காரர். அந்தக் கடைக்கு நேர் மாடியில் நான் குடியிருந்தேன். போன ஜென்மத்து வினை. கல்யாணம், காதுகுத்துக்கு மைக் கட்டியது போக மிச்ச நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் ஆட்டப்பாட்டு செய்வார். எல்லாப் பாட்டும் 'டமால்' என்று ஓர் இடியோடுதான் தொடங்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும்.

முதல் ஆல்பம் 'குறுவை'. பம்புசெட் சத்தம், அறுப்பு மெஷின் சத்தம், நடுவே ரோபோவுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி ஒரு பெண் குரல். என்ன மாயமோ, ஊரே ஆடியது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாண மாப்பிள்ளை ஒருவர் மாலையும் கழுத்துமாக ஆடி இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ரசிகர்னா அவர்தான் சார்" என்று டமால் பூரித்தார்.

அதோடு விட்டாரா? அடுத்தது 'தாளடி'. குறுவை அறுத்த வயலில் அந்தத் தாளையே மடக்கி உழுது நடுகிற இரண்டாம் போகம். எங்கள் பக்கம் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

"மச்சான் சிங்கப்பூர்ல வேலை பார்த்து வச்சிருக்கார் சார். இது ஓடலன்னா கம்ப்யூட்டர மூடிட்டு பிளைட் ஏறிடுவேன். ஓடணும்னு வேண்டிக்கங்க."

கோயிலுக்குப் போனேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கும் பெருமாளுக்கும் உள்ள விஷயம்.

ஆல்பம் வந்தது. பின்னாலேயே விமர்சனமும் வந்தது. சென்னை யூடியூப் மேதை ஒருவர், வீட்டுக்குள்ளேயே கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தீர்ப்பளித்தார்: "தாளடின்னு பேரு. ஆனா இதுல தாளமும் இல்ல, அடியும் இல்ல."

சோறு மட்டும் தின்னத் தெரிந்தவருக்குத் தாளடி எங்கே தெரியும்? டமால் ஆறுதல் தேடி டீக்கடைக்குப் போனார். அங்கே விவசாயி கோவிந்தண்ணன் இருந்தார்.

"அதே டமாலு, அதே பம்புசெட்டு. பழைய தாளையே மடக்கி உழுதிருக்கீங்க தம்பி. பேரு மட்டும் பொருத்தமா இருக்கு."

மேதை தேவலை என்றாகிவிட்டது.

ஆனால் ஒரே ஒரு இடத்தை மேதை கொண்டாடியிருந்தார். கடைசிப் பாட்டில் ஒரு குரல், "நிறுத்துங்க! போதும், நிறுத்துங்கய்யா!" என்று அலறும். "தண்ணி இல்லாம வாடுற டெல்டா விவசாயியோட கதறல். கேட்டதும் கண்ணு கலங்கிருச்சு" என்றார்.

கதறியது நான். மதியத் தூக்கம் கெட்ட ஆத்திரத்தில், மாடி ஜன்னலிலிருந்து.

நேராகக் கடைக்கு இறங்கினேன். "அது என் குரல்தானே?"

"அவ்வளவு உணர்ச்சியா கத்துனீங்க சார். விட மனசு வரல."

என் கதறலாலும் ஆல்பம் பிழைக்கவில்லை. படுத்தேவிட்டது. கொஞ்ச நாளில் கடை வாசலில் ஒரு சூட்கேஸ் நின்றது. உள்ளே சத்தமே இல்லை. ஆகா, பெருமாள் கண் திறந்துவிட்டார் என்று மதியம் தலையணையைத் தட்டிப் போட்டுப் படுத்தேன். ஃபேன் சத்தம் கேட்டது. தெருக்கோடியில் யாரோ இருமுவது கேட்டது. புரண்டு புரண்டு படுத்தேன். தூக்கம் வந்தால்தானே!

கீழே ஓடினேன். டமால் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் நிறுத்துனீங்க?" என்று கத்தியே விட்டேன். "ஒரு போகம் பதரும் சாவியுமாப் போச்சுன்னா நிலத்தையா விப்பாங்க? நீங்க இல்லாம இந்தத் தெரு நல்லாவா இருக்கும்? போடுங்கய்யா பாட்ட!"

டமால் என்னையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. சுருட்டிய ஒயரைப் பிரித்து, மெதுவாக மைக்கை என் பக்கம் திருப்பினார்.

"கொஞ்சம் தள்ளி நின்னு, அதையே இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

சொன்னேன். முன்னைவிட உரக்கவே சொன்னேன்.