பாஸ்டரின் மகன் வருகிறான்

பாஸ்டர் நல்லமுத்துவின் வாயிலிருந்து அந்தப் பொய் வெளியே வந்தபோது, ஆலய வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த பாதிச் சபை நிமிர்ந்து பார்த்தது.

“நெசமாவா சொல்றீங்க?” என்றாள் அத்தாயி.

“ஆமாம்மா. இருபத்து நாலாம் தேதி வர்றான்.”

அவள் கேட்டது சாதாரணக் கேள்விதான். “பண்டிகைக்கு உங்க பையன் வாராருங்களா? வரலீன்னா சொல்லிப்போடுங்க. போன வருசமாட்டம் ஊட்டுக்கு ஊடு முறை வெச்சுக்கறோம். உங்களத் தனியா உட்ருவமா?”

அந்த முறைக்குப் பயந்துதான் பாஸ்டர் பொய் சொன்னார்.

போன வருடம் கிறிஸ்மஸ் அன்று அவருக்கு நாலு வீட்டில் சாப்பாடு. நாலு வீட்டிலும் முன்னறையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் ஸ்டூல், அதன் மேல் இலை. கொல்லிமலையின் மார்கழிக் குளிரில் மேசை விசிறி வேறு. வீட்டார் எல்லாரும் சுவரோரம் நின்று, அவர் மெல்லுவதையும் விழுங்குவதையும் பார்த்தார்கள். அவர் கை கழுவியதும் உள்ளே போய், அடுப்படியில் வட்டமாக உட்கார்ந்து சிரித்துப் பேசிச் சாப்பிட்டார்கள். பாஸ்டருக்குச் செய்கிற மரியாதை அது. அவர் முன்னறையில் அமர்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மனைவி பரிமளா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதன் பிறகுதான் குண்டனி நாட்டுச் சபைக்கு மாற்றல் கேட்டு மலையேறி வந்தார். பன்னிரண்டே குடும்பங்கள் கொண்ட சபை. அவர்கள் யாரும் பரிமளாவைப் பார்த்ததில்லை, புனேயில் வேலை பார்க்கும் மகன் விமல்ராஜையும் பார்த்ததில்லை. விமல்ராஜுக்கு இந்த வருடமும் லீவு இல்லை. அதைச் சொன்ன போன் பேச்சு மொத்தம் ஒரு நிமிடம்தான்.

பொய் ஆலய வாசலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சபைச் செயலாளர் முருகானந்தம் உடனே உள்ளே போய் மைக்கைத் தட்டினார். “பாஸ்டர் ஐயாவோட மகன் முதல் முறையா நம்ம மலைக்கு வாராருங்க. கிறிஸ்மஸ் ஆராதனையில வேதபாடம் அவர்தான் வாசிக்கிறாருங்க.”

புதன்கிழமை போதகர் இல்லத்துக்கு வெள்ளையடித்தார்கள். வியாழக்கிழமை அத்தாயி வீட்டிலிருந்து புது மெத்தை வந்தது. வெள்ளிக்கிழமை பாஸ்டர் முதல் முயற்சியில் இறங்கினார்.

“முருகானந்தம், லீவு கிடைக்கிறது கொஞ்சம் சந்தேகம்னு சொல்றான்.”

“அவரு மேனேசர் நம்பர் குடுங்க. நான் பேசிப்போடறேன்.”

“இல்ல, அது சரியாயிடும். ரயில் டிக்கெட்தான் கஷ்டமாம்.”

“சேலத்துக்கு எந்த வண்டி கெடைச்சாலும் ஏறச் சொல்லுங்க. நான் ஜீப்ப எடுத்துட்டுப் போறனுங்க.”

“வேண்டாம், வேண்டாம். அடிவாரம் வரைக்கும் அவனே பஸ்ல வந்திருவான். நானே இறங்கிப் போய்க் கூட்டிட்டு வர்றேன்.”

“அப்ப மூணு மணிக்கு அடிவாரத்துல, காரவள்ளியில ஜீப்பு நிக்கும்” என்றார் முருகானந்தம். செயலாளர் என்றால் அப்படித்தான், ஒரு வேலையையும் பாதியில் விடமாட்டார்.

இருபத்து நாலாம் தேதி காலை பாஸ்டர் பஸ்ஸில் மலையிறங்கினார். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பி ஒத்திகை பார்த்தார். ‘கடைசி நேரத்தில் வர முடியவில்லை என்று சொல்லிவிட்டான்.’ அது முழுப் பொய் இல்லை. கடைசி நேரம் என்பது மட்டும்தான் பொய். முப்பது வருடமாகப் பொய்யைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தவருக்கு, பொய்யை இப்படி எடைபோட்டுப் பார்க்க வேண்டிவந்தது வெட்கமாக இருந்தது.

ஒன்றரை மணிக்கு முருகானந்தம் போன் செய்தார்.

“ஐயா, கெளம்பிட்டனுங்க. இங்க சபையே ரோட்டுல நிக்குது. கவிதா புள்ள மாலை கட்டி வெச்சிருக்குது. அத்தாயி அக்கா விடியால இருந்து அடுப்ப உட்டு நகரல. தம்பி வந்துட்டாருங்களா?”

ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது.

“வந்துட்டான்” என்றார் பாஸ்டர்.

போனை வைத்ததும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். காரவள்ளி டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு வாலிபன் பன்னை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தான். இருபத்தேழு வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, மடியில் துணிப்பை.

“உடம்புக்குச் சொகமில்லீங்களா?” என்று அவன் கேட்டான்.

யாராவது கேட்கட்டும் என்றுதான் மூன்று வருடமாகக் காத்திருந்தாரோ என்னவோ, பாஸ்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பரிமளா, புனே, சிவப்பு நாற்காலி, மேசை விசிறி, எதையும் விடவில்லை. வாலிபன் பன்னைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

அவன் பேர் பிரேம். அடிவாரத்தில் ஒரு மண்டிக் கடையில் வேலை, கடைக்குப் பின்னால் அறை. முதலாளி குடும்பத்தோடு கோவிலுக்குப் போய்விட்டதால் இரண்டு நாள் கடை இல்லை.

“ஊருக்குப் போகலையா தம்பி?”

“போனா அங்கயும் பூட்டுன ஊடுதானுங்க.”

பிறகு பாஸ்டர், தன் வாழ்நாளில் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

பிரேம் யோசித்தான். “சாப்பாடு உண்டுங்களா?”

“ஆட்டுக்கறி.”

அவன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “நம்ம சாமி ஒண்ணும் கோவிச்சுக்காதுங்க. வாங்கப்பா.”

ஜீப்பிலிருந்து இறங்கிய முருகானந்தம் பிரேமைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. பாஸ்டரைப் பார்த்தார், மறுபடி பிரேமைப் பார்த்தார். நம் ஜாடை துளியும் இல்லையே என்று பாஸ்டருக்கு வியர்த்தது.

“அம்மா ஜாடை” என்றார் அவசரமாக.

முருகானந்தம் ஒரு வினாடி கழித்துச் சொன்னார்: “ஆமாங்க. மூக்குல நல்லாத் தெரியுது.” பரிமளாவை அவர் பார்த்ததே இல்லை என்பது அந்தப் பதற்றத்தில் பாஸ்டருக்குத் தோன்றவில்லை.

மேலே மாலை, பாட்டு, கைதட்டு எல்லாம் நடந்தது. ஜீப்பிலிருந்து பிரேம் இறங்கியதும் பாட்டு பாதியில் நின்று, முருகானந்தம் செருமிய பிறகு மறுபடி தொடங்கியது. அத்தாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“பேரு என்ன கண்ணு?”

“பிரேமுங்க.”

“விமல்ராஜ்” என்றார் பாஸ்டர் அதே நேரத்தில்.

“பிரேம்ங்கிறது வீட்டுல கூப்பிடறது” என்று சேர்த்துக்கொண்டார். சபையில் பாதிப்பேருக்கு ஒரே சமயத்தில் இருமல் வந்தது. மலைக் குளிர் என்று பாஸ்டர் நினைத்தார்.

மறுநாள் அதிகாலை ஆராதனையில் பிரேம் வேதபாடம் வாசித்தான். மந்தை காத்த மேய்ப்பர்களின் பகுதி. மைக் இருக்கிறது என்பதை மறந்து, அடுத்த ஊருக்கும் கேட்கும்படி வாசித்தான். முடித்துவிட்டு, “அவ்வளவுதானுங்க” என்றான். சபை கம்பீரமாக, “ஆமென்” என்றது.

பிரசங்கத்தைப் பாஸ்டர் சுருக்கமாகவே முடித்தார். எழுதி வைத்திருந்தது உண்மையைப் பற்றி. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வேறு ஒன்றைச் சொன்னார்.

“அந்த ராத்திரி பெத்லகேமில் அந்தக் குழந்தையைச் சுற்றி இருந்தவர்களை எண்ணிப் பாருங்கள். யோசேப்பு, மரியாள், மேய்ப்பர்கள், ஒருவர்கூடச் சொந்த வீட்டில் இல்லை. வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டார்கள்.” அதோடு வேதாகமத்தை மூடிவிட்டார்.

மதியம் எல்லாரும் அத்தாயி வீட்டில் கூடினார்கள். முன்னறையில் இந்தத் தடவை சிவப்பு நாற்காலி இரண்டு. விசிறியும் ஓடியது. பாஸ்டர் பழக்கப்படி உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. பிரேம் நேராக அடுப்படிக்குள் போய்விட்டிருந்தான்.

உள்ளே இருந்து அந்த வேதபாடக் குரல் வந்தது. “அப்பா, அங்க என்னத்துக்கு ஒத்தையா உக்காந்திருக்கீங்க? இங்க எடம் கெடக்குது, வாங்க.”

பாஸ்டர் தரையில் உட்காருவதா என்று அத்தாயி முருகானந்தத்தைப் பார்த்தாள். முருகானந்தம் கூரையைப் பார்த்தார். பாஸ்டர் எழுந்து உள்ளே போனார். ஒரு பக்கம் பிரேம், மறு பக்கம் முருகானந்தம், நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தார். இரண்டு பேர் முழங்கையும் அவர் மேல் இடித்தது. மூன்று வருடமாக யாருடைய முழங்கையும் அவர் மேல் பட்டதில்லை. குழம்பில் காரம் அதிகம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் முன்னறையில் அவர் போன் அடித்தது. கவிதா எடுத்து வந்து, திரையில் இருந்த பேரைச் சத்தமாகப் படித்தாள். “விமல்ராஜ்.”

சோற்றில் வைத்த கைகள் எல்லாம் நின்றன. பிரேம் வாய்க்குள் இருந்த எலும்பை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தான். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். பாவமன்னிப்பு கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தோன்றியது.

“நெட்வொர்க் கோளாறுங்க” என்றார் முருகானந்தம், சோற்றைப் பிசைந்துகொண்டே. “மழைக்காலத்துல எங்கூட்டுக்காரி பக்கத்துல இருக்கறப்பவே அவ நம்பர்ல இருந்து போன் வரும்.”

“எனக்கும் வந்திருக்குது” என்றாள் அத்தாயி. அவளிடம் போனே கிடையாது.

சபையின் அறியாமைக்காகப் பாஸ்டர் கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டு, போனோடு கொல்லைப்புறம் போனார்.

“ஹேப்பி கிறிஸ்மஸ்ப்பா” என்றான் மகன். “தனியாவா இருக்கீங்க?”

“இல்லப்பா” என்றார். டீக்கடைப் பெஞ்சில் சொன்னதைத் தவிர்த்தால், இரண்டு வாரத்தில் அவர் சொன்ன முதல் உண்மை அதுவாக இருந்தது. “நிறையப் பேர் இருக்காங்க. சத்தம் கேக்குதா?”

“கேக்குதுப்பா. சரி, மீட்டிங் இருக்கு, வெச்சிடறேன்.”

போன் அணைந்த பிறகும் பாஸ்டர் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு, மிளகுக்கொடி ஏறிய மரங்களைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே இருந்து, “அப்பா, சோறு ஆறுது” என்று குரல் வந்தது.

மூன்று மணிக்குப் பிரேம் கிளம்பினான். புனே ரயிலுக்கு நேரமாகிறது என்று பாஸ்டர் எல்லாரிடமும் சொன்னார். வழியனுப்பப் பன்னிரண்டு குடும்பமும் வந்தது. ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார்கள். ஜீப்பின் பின்பக்கம் ஒரு வாழைத்தாரை ஏற்றி, அது உருளாமல் இருக்கக் கயிறு கட்டும் வேலையைப் பாஸ்டர் தானே எடுத்துக்கொண்டார். அவன் முகத்தைப் பார்த்து விடைகொடுக்க அவருக்குத் தைரியம் இல்லை. இன்று ராத்திரி புது மெத்தையில் படுத்து, வெள்ளையடித்த சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாளை யாராவது, அடுத்த வருசமும் வருவாருங்களா என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பொய் தயார் செய்யவேண்டும்.

முன்பக்கம் அத்தாயி ஜன்னலோரம் வந்து, கறிக்குழம்பு ஊற்றிய தூக்குப்போசியை உள்ளே நீட்டினாள். பாஸ்டர் பின்னால் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

“அடுத்த வருசமும் தவறாம வந்துரோணும், சாமி. எங்களுக்குத் தெரியும்னு மட்டும் ஐயாகிட்டச் சொல்லிப்போடாத.”

“என்னது தெரியுமுங்க?” என்று பிரேம் கேட்டான்.

“சனிக்கெழம சனிக்கெழம சந்தையில எங்க மொளகு மூட்டைய எடை போடறப்ப, அந்த மிசினையே பாத்துக்கிட்டு இருக்காம எங்க மொகத்தையும் கொஞ்சம் நிமுந்து பாரு கண்ணு, பன்னெண்டு ஊட்டுக்காரரும் வாரா வாரம் உன்ற முன்னாடிதான் வந்து நிக்கிறோம்.”