குந்தவையின் நாடியும் என் முழங்காலும்

தஞ்சாவூர்,
மாசி 12

மதிப்பிற்குரிய மச்சான் இளவழகன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் செழியன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லாம் நலம், என் வலது முழங்கால் நீங்கலாக. நாகப்பட்டினத்தில் நீங்களும் அக்காவும் சுகம் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் குந்தவை பார்த்துவிடுவாள் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

ஐம்பத்தேழு வயதுத் தங்கைக்கு ஓடுவதற்குக் காலணி வாங்கிக் கொடுத்தது நீங்கள்தான். இரண்டு வருடமாக அவள் புது ஆற்றங்கரையில் ஓடுகிறாள், நான் வீட்டில் உட்கார்ந்து பயப்படுகிறேன். போன மாதம் ஒரு மத்தியானம் அவள் கண்ணயர்ந்தபோது நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு! எனக்கோ எண்பத்தெட்டு. உடனே எழுப்பி, புடவை மாற்றக்கூட விடாமல் டாக்டர் பிரகதீஸ்வரியிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துவிட்டு அந்தம்மா சிரிக்கிறார். "இது நெடுந்தூரம் ஓடுறவங்க இதயம் சார். கொஞ்சம் பெருசாகி, ஒரு துடிப்புலயே நிறைய ரத்தத்தைத் தள்ளுது. அதான் அவசரமில்லாம அடிக்குது. ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தா மட்டும் நிறுத்திட்டு ஓடி வாங்க." நிறுத்திவிட்டு எப்படி ஓடி வருவது? அது போகட்டும், 'பெருசாகி' என்றதற்குப் பிறகு எதுவும் என் காதில் ஏறவில்லை.

ஆகவே போன ஞாயிறு நடந்த இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்தில் மொபெட்டில் அவள் பின்னாலேயே போனேன். குளுக்கோஸ், மோர், விசிறி, மடக்கு நாற்காலி எல்லாம் கையோடு. கிலோமீட்டருக்கு ஒருமுறை "நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டேன். பதினான்காவதில், "இப்ப வலிக்குது. நெஞ்சுல இல்ல, காதுல" என்றாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டியதில், சாலையில் காயப்போட்டிருந்த சம்பா நெல்லைக் கவனிக்கவில்லை. வண்டி ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம், நான் நெல்லுக்குள். நெல்லுக்குச் சொந்தக்கார அம்மா, "ஐயா, கிளறுறதுக்கு ஆள் இருக்கு, நீங்க எந்திரிங்க" என்கிறார்!

குந்தவை ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். ஆட்டோக்காரர் அப்துல் ஜலீலைக் கூப்பிட்டு, "இவரை டாக்டர்கிட்ட கொண்டுபோங்க, நான் பின்னாலயே வர்றேன்" என்றாள். "நீயும் ஏறேன்" என்றேன். "நாற்காலியவே மடியில வச்சிருக்கீங்க, இடம் எங்க?" என்றாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, வியர்வை சொட்டச் சொட்ட என் கட்டிலருகே வந்து நின்றாள். மச்சான், எனக்காகப் பந்தயத்தையே பாதியில் உதறிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருக்கிறாள்! படுத்தபடியே விசிறியை எடுத்து அவளுக்கு வீசினேன். டாக்டர் இருவர் நாடியையும் பார்த்தார். அவளுக்கு எழுபது. படுத்துக் கிடந்த எனக்கு நூற்றுப் பதினெட்டு. "தினமும் நடங்க சார்" என்று சீட்டு எனக்குத்தான் எழுதினார். என்ன அநியாயம்!

ஆகையால் இனிமேல் ஓடக்கூடாதென்று அண்ணன் என்ற முறையில் நீங்களே கண்டித்துச் சொல்லவும். எனக்காக ஒரு பந்தயத்தை விட்டவள், உங்களுக்காக எல்லாவற்றையும் விடுவாள்.

அக்காவுக்கு வணக்கம். பேரப்பிள்ளைகள் நல்லபடி வளர்ந்து, ஓடாமல் இருக்க ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
செழியன்

பி.கு.: அண்ணே, குந்தவை எழுதுறேன். கால்கட்டோட தபால் பெட்டி வரைக்கும் போக முடியாம, "படிக்காம போட்டுடு"ன்னு என்கிட்டயே கொடுத்தாரு. அவருக்கு வெறும் சிராய்ப்புதான். நாடியும் ஓடுச்சு, வாயும் ஓடுச்சு. அதனால மிச்ச ஏழு கிலோமீட்டரையும் ஓடி முடிச்சுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதக்கம் அரிசி டின்னுக்குள்ள இருக்கு. அவர்கிட்ட சொல்லிடாதீங்க, இதயம் தாங்காது.