இரைச்சல் ஐயாவின் விரல்

லிந்துலைச் சுற்றுவட்டாரத்தில் பாட்டின் மேல் அவ்வளவு உயிரை வைத்திருந்த மனிதர் வேறு யாரும் கிடையாது. ஒரு பாட்டைக்கூடக் கடைசி வரை கேட்காத மனிதரும் வேறு யாரும் கிடையாது. இரண்டும் ஒரே ஆள்தான். எங்கள் தோட்டத்தில் கொழுந்தைத் தேயிலையாக்கும் ஸ்டோரில் கிளாக்கராக இருந்தார். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் இரைச்சல் ஐயா.

கட்டைப் பிரம்மச்சாரி. குளிருக்குப் பயந்து காலில் போட்ட சப்பாத்தைக் கழற்றவே மாட்டார். தூங்கும்போதும் போட்டிருப்பார் என்று தோட்டத்தில் பேச்சு. அவர் வீட்டில் கரண்டில் ஓடும் ரேடியோகிராம் ஒன்று இருந்தது. இசைத்தட்டின் மேல் ஊசியைத் தாங்கிக்கொண்டு போகும் சின்னத் தலையை அவர் பிக்கப் என்பார். உலகத்தில் உள்ள கெட்ட சத்தமெல்லாம் அந்தப் பிக்கப் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது என்பது அவர் கட்சி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுக் கேட்க வரும்படி என் அப்பாவைக் கூப்பிடுவார். அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அம்மாவும் நானும் கூடவே போவோம். பாட்டு ஆரம்பித்துப் பாடகி ஒரு மூச்சு எடுப்பதற்குள் ஐயா கையைத் தூக்கிவிடுவார்.

"இருங்க. ஒரு சத்தம் கேக்குது."

எங்களுக்கு ஒன்றும் கேட்காது. அவர் தட்டை நிறுத்தி ஊசியின் தூசியைத் தட்டுவார். ஊசியையே மாற்றுவார். பிக்கப்புக்குள் போகும் கம்பியை ஆட்டிப் பார்ப்பார். திரும்பவும் தட்டு சுழலும், திரும்பவும் கை எழும். ஒரு நாள் இத்தனையும் செய்த பிறகும் கரகரப்பு போகவில்லை. எழுந்து வந்து அப்பாவின் மார்புக்கு நேரே காதைக் கொடுத்துக் கேட்டார்.

"கணக்கப்பிள்ளை, நெஞ்சுல சளி இருக்குங்களா?"

"ரெண்டு நாளா இருக்குங்க ஐயா."

"அப்ப வெளிய நின்னு கேளுங்க."

அப்பா குடையை விரித்துக்கொண்டு முற்றத்தில் நின்று கேட்டார். அதற்குப் பிறகு அவருக்குச் சளி கூடியதுதான் மிச்சம்.

இன்னொரு சமயம் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்தது. ஸ்டோரில் கொழுந்து உருட்டும் மெஷின் ஓடும்போதுதான் அது பெரிதாகிறது என்று கண்டுபிடித்து, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் நேரே போனார்.

"மூணு நிமிஷம் மெஷின நிப்பாட்டுறீங்களா? ஒரு பக்கம் ஓடி முடிஞ்சிரும்."

"பாட்டுக்காக நிப்பாட்டினோம்னு தொரைகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

ஐயா கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்ததுதான் விசேஷம். பிறகு வேறு வழி பிடித்தார். பெட்டிக்குள் தட்டு சுழலும் இடத்து இரும்புத் தகட்டிலிருந்து ஒரு செப்புக் கம்பியை இழுத்து, வீட்டுக்குப் பின்னால் ரோஜாச் செடிக்கு அடியில் ஈர மண்ணில் புதைத்தார். முனகல் கம்பி வழியே மண்ணுக்குள் போய்விட்டதாம். மழையில்லாத நாட்களில் தவறாமல் அங்கே தண்ணீர் ஊற்றுவார். ரோஜா வாடுவதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

இப்படிப்பட்டவரின் கையில்தான் என் கல்யாணம் வந்து மாட்டியது.

தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைமடுவத்தில், தொட்டில் சேலைகளை அவிழ்த்துவிட்டு மணவறை கட்டியிருந்தார்கள். ஆனி மாதத்து மழை. கண்டியிலிருந்து வரவேண்டிய மேளக்காரர்கள் வரவில்லை. இறம்பொடையில் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது என்று சேதிதான் வந்தது. மாப்பிள்ளையின் அத்தை வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"தாலி ஏறுற நேரம் தும்மல், அழுகை ஒண்ணும் காதுல விழக்கூடாது. அதுக்குத்தான் கெட்டிமேளம். மேளம் இல்லாம எங்க புள்ள தாலி கட்டமாட்டான். ஆடி கழிச்சுப் பாத்துக்குவோம்."

ஆவணிக்குள் அத்தையின் மனம் எந்தப் பக்கம் சாயுமோ யாருக்குத் தெரியும். எனக்கு அழுகை முட்டியது. அந்தச் சத்தமும் கூடாது என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அப்பா இரைச்சல் ஐயாவிடம் ஓடினார். அவரிடம் கெட்டிமேளத் தட்டு ஒன்று இருந்தது. மேளச் சத்தத்துக்குள் ஒளிந்திருக்கும் இரைச்சலைப் பிடிப்பதுதான் கடினம் என்று பயிற்சிக்காக வாங்கி வைத்திருந்தார். நான்கு பேர் பெட்டியைத் தூக்க, அதற்குக் கம்பளி போர்த்தி, அதற்கே குடையும் பிடித்து, தான் நனைந்தபடி வந்து சேர்ந்தார். பெட்டியை ஜன்னலோரம் வைத்துத் தட்டைச் சுழலவிட்டார்கள்.

'ம்ம்ம்ம்.'

"யாருங்க அது முனகுறது?" என்றார் அத்தை. "எழவு வீடு மாதிரி இருக்கு. இதுக்குச் சும்மாவே இருக்கலாம்."

ஐயர் நேரமாகிறது என்றார். இரைச்சல் ஐயா ஊசியை மாற்றினார், தூசியைத் தட்டினார், கம்பியை ஆட்டினார். திடீரென்று அவர் முகம் விழுந்துவிட்டது. ஊசி, தூரிகை, துணி எல்லாம் கொண்டுவந்தவர், ரோஜாச் செடிக்கு அடியில் கிடந்த கம்பியை மறந்துவிட்டார். வீடு மலை உச்சியில். யாரோ பூக்கட்டும் நூலைக் கொடுத்தார்கள். "நூல்ல சத்தம் எறங்காதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். வேலியில் பிடுங்கிய துருக்கம்பி கையிலேயே பொடிந்தது.

சோர்ந்துபோய் அந்த இரும்புத் தகட்டின் மேல் விரலை ஊன்றினார். முனகல் கொஞ்சம் தணிந்தது. விரலை எடுத்தார், கூடியது. வைத்தார், தணிந்தது. ஐயா தன் விரலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஈரப் புல்லைப் பார்த்தார். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்ற ஆரம்பித்தார்.

மணப்பெண்ணை விட்டுவிட்டு மடுவமே அவர் காலைப் பார்த்தது. வெளுத்த, வெயில் படாத பாதங்கள். வெளியே போய்ப் புல்லில் நின்று, ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தகட்டைத் தொட்டார். முனகல் அடங்கிவிட்டது. இடது கையால் ஊசியை வைத்துவிட்டு, சேற்றில் வழுக்காமல் இருக்க அந்தக் கையால் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். நாதஸ்வரமும் தவிலும் கணீரென்று எழுந்தன, தாலி ஏறியது. அன்றுதான் அவர் முன்னால் ஒரு தட்டு முழுதாக ஓடியது. நடுவில் தூக்க அவருக்குக் கை இல்லை.

அட்சதை எல்லாம் விழுந்து முடிந்த பிறகுதான் அத்தை ஜன்னலை எட்டிப் பார்த்தார். ஐயாவின் இரண்டு காலிலும் கணுக்கால் வரை அட்டை. ரத்தம் வழிந்து புல்லில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"அட்ட சத்தம் போடாதுங்களே அம்மா. அதனால பரவால்லன்னு விட்டுட்டேன்."

அத்தை மறுபேச்சுப் பேசாமல் வெளியே போய், புல்லில் உட்கார்ந்து, தன் வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பைத் தடவி ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் போட்டார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"மொதல்ல இவரு கால்ல விழுங்க."

விழுந்தோம். ஐயா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். "சேறுங்க, சேறுங்க" என்றார். அப்புறம் என் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

"மேளம் சுத்தமாக் கேட்டுச்சா தங்கச்சி?"

"ஒரு கெட்ட சத்தமும் இல்லைங்க ஐயா" என்றேன்.

உண்மையில் எனக்கு மேளமே கேட்கவில்லை. மாப்பிள்ளையின் முகத்தையும் நான் பார்க்கவில்லை. தாலி ஏறி முடியும் வரை, ஜன்னல் வழியாக மழைத்தண்ணீர் சொட்ட நீண்டிருந்த அந்த ஒற்றை விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.