விண்கல்லில் ஒரு பங்கு

இனிமேல் உழைக்கிறவன்தான் முட்டாள். எங்கள் தெருவே அப்படி முடிவு கட்டியிருந்தது. வானத்தில் தங்கமும் பிளாட்டினமும் பாறை பாறையாய்ச் சுற்றுகிறதாம். வெட்டி எடுத்து வந்தால் ஏழு தலைமுறை உட்கார்ந்து சாப்பிடலாமாம். எந்தப் பாறை யாருக்கு என்று கணித்துச் சொல்ல ஒரு மகானே வந்துவிட்டார். விண்கல் ஐயா!

ஐயா போகிற இடமெல்லாம் ஒரு சின்ன மேஜையும் போகும். தரையைத் தொடுகிற நீலத்துணி விரிப்பு. அதன் மேல் ஒரு கறுப்புக் கல். ஆகாயத்திலிருந்து நேராக அவர் மடியில் விழுந்ததாம். மடி வேகவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. மகானிடம் அப்படியெல்லாம் கேட்கலாமா, பாவமில்லையா? மேஜை மேல் கையை வைத்தால், யோகக்காரனிடம் கல் தானாக நகர்ந்து வரும். என்ன அதிசயமோ, மோதிரம் போட்ட கை வந்தால் கல் ஓடி வந்தது. வெறுங்கை வந்தால் தூங்கிவிட்டது.

என் அண்ணன் தையல்கடை வைத்திருக்கிறான். கல் அவனிடம் ஓடி வந்ததிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை. கடையிலுள்ள மெஷின்களையெல்லாம் விற்று, ஒரு விண்கல்லில் பங்கு வாங்கப் போகிறானாம். அந்த மெஷின்களை மிதித்துத்தான் அண்ணி எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டாள்.

"ஏங்க, வானத்துல உலோகம் இருக்கட்டும். நான் இல்லைன்னு சொல்லலை," என்றாள் அண்ணி. "பெரிய பெரிய விஞ்ஞானிங்களே வருஷக்கணக்கா பாடுபட்டு ஒரு கைப்பிடி மண்ணுதான் அள்ளிட்டு வந்திருக்காங்க. இவர்கிட்ட ராக்கெட் எங்க இருக்கு?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. கல்லே சொல்லிடுச்சு!"

"அப்ப சரி. நாளைக்கு ஐயாவை நம்ம கடைக்கே கூப்பிடுங்க. அவர் முன்னாடியே மெஷினை வித்துடலாம்."

அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் கடைக்குள் நிற்க இடமில்லை. பழைய மெஷின் வாங்குகிறவர் வாசலில் வண்டியோடு காத்திருந்தார். அண்ணி பவ்யமாக ஐயாவின் பக்கத்தில் குனிந்தாள்.

"ஐயா, ரொம்பப் பெரிய இடம். டிரையல் ரூம்ல இருக்காரு. முகத்தைக் காட்ட மாட்டாராம், கை மட்டும் நீட்டுவாராம். பாக்குறீங்களா?"

பெரிய இடமென்றால் பார்க்காமல் இருப்பாரா? சீடர்கள் மேஜையைத் தூக்கித் திரையருகே போட்டார்கள். ஐயா உட்கார்ந்தார். திரை நடுவே கோட்டு போட்ட ஒரு கை நீண்டிருந்தது. வெள்ளைக் கையுறை, அதன் மேல் குண்டு மோதிரம்.

கல் நகரவில்லை, பாய்ந்தது!

"ஆகா! பங்கென்ன பங்கு, முழு விண்கல்லும் இவருக்குத்தான்!" என்று ஐயா கத்தினார். "இவர் நாடி துடிக்கிறது எனக்கு இங்க கேக்குது!"

அண்ணி சரக்கென்று திரையை இழுத்தாள். உள்ளே நின்றது துணி மாட்டி வைக்கிற பொம்மை. தலைகூடக் கிடையாது.

கூட்டம் எட்டிப் பார்த்தது. ஐயா கல்லைக் கையால் பொத்தினார்.

"கல்லு... பொய் சொல்லாது. பொம்மைக்கும் யோகம் இருக்கலாம்..."

"இருக்கட்டும் ஐயா. கல்லை எடுத்து என் கட்டிங் மேஜையில வைங்க. அங்கயும் ஓடுதான்னு பாத்துடுவோம்."

ஐயா அசையவில்லை. அண்ணி நீலத்துணியைத் தூக்கினாள். மகானின் முழங்காலில் கனமான காந்தம் ஒன்று கட்டியிருந்தது. துள்ளி எழுந்தவர், கட்டிங் மேஜையை உரசிக்கொண்டு ஓடினார். அதன் ஓரத்தில் தொங்கிய கத்தரிக்கோல் முழங்காலில் ஒட்டிக்கொண்டு கூடவே ஓடியது! கூட்டம் விடுமா? வாசலிலேயே மடக்கிப் பிடித்தது.

அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வியாபாரியிடம் போனான். "வண்டியைத் திருப்புங்க. மெஷின் விக்கிறதா இல்லை." அண்ணி மெஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது ஒரு பக்தர் என் காதைக் கடித்தார். "தம்பி, அந்தப் பொம்மையை விப்பீங்களா? யோகக்காரப் பொம்மையாச்சே!"

"அதுக்குத் தலை இல்லை சார், ஏமாந்தா மன்னிக்கலாம்," என்றேன். "உங்களுக்கு இருக்கே, அதைத் தொப்பி மாட்டத்தான் வச்சிருக்கீங்களா?"