முப்பத்தொரு மார்க் வாங்கிய டயர்க் கடைக்காரன்

மரியாதைக்குரிய மச்சான் லாம்ப்ரோஸ் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் புருஷன் வயோஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஸ்டமாட்டியாவும் உரானியாவும் உடம்புக்கு சௌக்கியம். மனசுக்கு எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன், உட்கார்ந்து படிக்கவும். அங்கே உங்கள் முழங்காலும் அக்காவின் சர்க்கரையும் பால்கனித் தொட்டியில் இருக்கும் எலுமிச்சையும் மாதாவின் கருணையால் அடங்கி ஒடுங்கி இருக்கும் என்று நம்புகிறேன்.

பெண்ணின் பள்ளி ஓடாவிட்டால் அவளை பிரேயஸுக்கு அனுப்பு, என் பழைய கப்பல் கம்பெனி ஆபீசில் ஒரு நாற்காலி பிடித்து வைக்கிறேன் என்று மே மாதம் எழுதினீர்கள். நான் அப்போது, நாற்காலியை நீங்களே வைத்து உட்கார்ந்துகொள்ளுங்கள் என்கிற தோரணையில் பதில் போட்டேன். அதை மன்னிக்கவும். அடுத்த புதன்கிழமை காலை பஸ்ஸில் அவள் கிளம்புகிறாள். மூன்று மணிக்கு பஸ் நிலையத்துக்கு வந்து கூட்டிப் போகவும். பள்ளி மூடப்படுவதற்குக் காரணம் பள்ளியும் இல்லை, பெண்ணும் இல்லை. நான்தான்.

உங்களுக்கு விவரம் தெரிய வேண்டும். மருந்துக் கடைக்கு மேலே மாடியறையில் போன செப்டம்பரில் உரானியா ஆங்கில வகுப்பு ஆரம்பித்தபோது சேர்ந்தது இரண்டரைப் பிள்ளைகள். இரட்டையர் இருவர், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வரும் பல் டாக்டர் மகள் அரை. மற்ற பிள்ளைகள் எல்லாம் எதிர்ச் சாரியில் பொலிக்ஸேனி டீச்சரின் மூன்று மாடிக் கட்டடத்துக்குப் போனார்கள். அந்த அம்மாள் முப்பது வருடமாக நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஊட்டுகிறாள், ஊரில் ஒருத்தராவது வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை, ஆனால் எல்லோர் வீட்டுச் சுவரிலும் சர்ட்டிபிகேட் தொங்குகிறது. இந்த நிலையில் ஒரு நாள் காப்பிக் கடையில் ஸீஸிஸ், அவன்தான், சிமெண்டு விற்கிறவன், என்னோடு படித்தவன், எல்லோரும் கேட்கிற மாதிரி சொன்னான்: "டேய் வயோஸ், உன் பொண்ணு கெட்டிக்காரிதான், ஒத்துக்கறேன். ஆனா வீட்ல இருக்கிற கல்லையே அவளால செதுக்க முடியலையே! உனக்கு அவ இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து நீ பாஸ் பண்ணிக் காட்டு, என் நாலு பேரப்பிள்ளைங்களையும் அவகிட்டயே சேர்க்கறேன்." கடையே சிரித்தது. இன்னும் ஏழெட்டுப் பேர், "நாங்களும், நாங்களும்" என்று கையைத் தூக்கினார்கள். மச்சான், ஒரு கப் காப்பி முடிவதற்குள் என் மகளின் பள்ளி என் மண்டைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த மண்டை எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்த மண்டை.

மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கி, ஊரே தூங்குகிற நேரத்தில், பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து நான் படித்தேன். உரானியா சுவரில் சாக்குக்கட்டியால் எழுதிக் காட்டினாள். பரீட்சையின் முதல் பகுதி முழுக்க இதுதான்: ஒரே மாதிரி ஒலிக்கிற இரண்டு வார்த்தை கொடுப்பான், வாக்கியத்துக்கு எது சரி என்று வட்டத்தை நிரப்ப வேண்டும். இந்த ஆங்கிலேயர்களை உலகத்தையே ஆண்டவர்கள் என்கிறார்களே, எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. கடலுக்கு ஒரு 'சீ', பார்ப்பதற்கு ஒரு 'சீ'. மாவுக்கும் 'ஃப்ளவர்', பூவுக்கும் 'ஃப்ளவர்'. ரொட்டிக்கடைக்காரனும் பூக்கடைக்காரனும் அந்த ஊரில் எப்படித்தான் பிழைக்கிறார்களோ! வாரமும் 'வீக்', சோகை பிடித்தவனும் 'வீக்'. கவசம் போட்ட குதிரைவீரன் ஒருத்தன் இருக்கிறான், அவன் பேர் ராத்திரிக்கு வைத்திருக்கிற அதே பேர்தான், ஆனால் அவனுக்கு முன்னால் ஓர் எழுத்தைக் காவல் நிறுத்தியிருக்கிறார்கள், அது சம்பளம் வாங்கிக்கொண்டு வாயே திறக்காது, நம் நகராட்சி ஆபீஸ் மாதிரி. எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் முப்பது வருடமாக நான் விற்கிற டயரைக் காட்டி, "அப்பா, இதே சத்தத்துல 'களைச்சுப் போறது'ன்னு ஒரு வார்த்தை இருக்கு" என்றாளே, அன்றைக்குத்தான் நான் சாக்குக்கட்டியை வீசி எறிந்தேன்.

"இது ஒரு பாஷையாம்மா? ஒரு சத்தத்துக்கு ஒரு எழுத்துன்னு வைக்கத் துப்பில்லாத ஜனங்க!"

"சரிப்பா, நம்ம கிரேக்க பாஷைக்கு வருவோம். 'ஈ'ங்கிற ஒரே சத்தத்தை நாம எத்தனை விதமா எழுதறோம்? விரல் விட்டு எண்ணுங்க."

எண்ணினேன். ஒரு கை முடிந்தது. நிறுத்திக்கொண்டேன். "ஆறாவது ஒண்ணு இருக்குப்பா" என்றாள். இருக்கட்டும், ஐந்தாம் வகுப்பில் நான் இரண்டு வருடம் இருந்தது அந்த ஆறாவதால்தான் என்று இன்றைக்காவது தெரிந்ததே.

ஆனால் உங்கள் மருமகள் லேசுப்பட்டவள் இல்லை. அவள் திட்டவும் இல்லை, உருப்போடச் சொல்லவும் இல்லை. காதால் கேட்கிற 'ஹியர்' எது, இங்கே என்கிற 'ஹியர்' எது என்று நான் முழித்தபோது, எழுதிக் காட்டி முதல் எழுத்தைக் கையால் மறைத்தாள். உள்ளே காதுக்கான வார்த்தை அப்படியே உட்கார்ந்திருக்கிறது! சந்திக்கிற 'மீட்' போக, இறைச்சியாகிய 'மீட்'டுக்குள் 'சாப்பிடு' இருக்கிறது. துண்டு என்கிற 'பீஸ்'க்குள் ஒரு 'பை', அதாவது அடை, இருக்கிறது, நம் வீட்டுக் கீரைப் பீட்டா மாதிரி. சமாதானம் என்கிற 'பீஸ்'க்குள் அடை கிடையாது. இதை நான் சாப்பாட்டு மேஜையில் உரக்கச் சொல்லிப் பார்த்தபோது ஸ்டமாட்டியா, "என் பீட்டாவுல சமாதானம் இல்லைன்னா நாளையிலேர்ந்து ஸீஸிஸ் வீட்ல போய்ச் சாப்பிடுங்க" என்றாள். விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு 'தேர்' என்று ஒன்று வந்தது, ஒன்றில்லை, மூன்று: அங்கே, அவர்களுடைய, அவர்கள் இருக்கிறார்கள். மூன்றையும் மூன்று டயரில் எழுதி உருட்டிவிட்டு, எது எது என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். வைக்கோல் ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருத்தர் ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, வேறு கடைக்குப் போய்விட்டார். ஏப்ரல் முடிவதற்குள், மச்சான், பாடத்திலிருந்த நூற்றிருபது ஜோடியும் எனக்குத் தண்ணிபட்ட பாடு. தற்பெருமை இல்லை. உரானியா கலைத்துப் போட்டுக் கேட்டாள், ஒன்றுகூடத் தப்பவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒரு பாடத்தை முழுசாகத் தெரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

இங்கேதான் உங்கள் தங்கை உள்ளே வருகிறாள். பரீட்சைக்கு முந்தின ஞாயிறு, வழக்கம்போல கோயிலில் பிள்ளைகளின் பேனாக்களுக்கு ஜெபம் வாசித்தார்கள். பதினாறு வயசுப் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் வரிசையில் நிற்க, நடுவில் ஸ்டமாட்டியாவும் என் பேனாவோடு நின்றாள். பிரேக் கம்பெனிக்காரன் இனாமாகக் கொடுத்த பேனா, பெருவிரல் தடிமன், நீல மை. பாதிரியார் ஸ்டெர்கியோஸ் கேட்டாராம், "யாருக்கும்மா இது, உனக்குப் பையன் கிடையாதே?" "என் வீட்டுக்காரருக்கு, சாமி. தீர்த்தம் கொஞ்சம் கூடவே தெளிங்க." அவர் தெளித்த தெளிப்பில் கம்பெனி பேரே அழிந்துவிட்டது.

பரீட்சை ஹாலில் எழுபது பிள்ளைகள், நான் ஒரு கிழவன், என் முழங்கால் பெஞ்சுக்கு அடியில் போகவில்லை. ஏதென்ஸிலிருந்து வந்த மேற்பார்வைப் பெண் ஆளுக்கு ஒரு பென்சிலை வைத்து, பென்சிலால் மட்டுமே நிரப்ப வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு நன்றாகப் புரிந்தது. காதில் கோளாறு என்று நினைக்காதீர்கள். நான் யோசித்தேன். அதுதான் கோளாறு. ஒரு பக்கம் எவனோ அறுத்துச் செய்த, யாரும் ஜெபம் சொல்லாத பென்சில். இன்னொரு பக்கம் நூற்றிருபது ஜோடியும், மகளின் பள்ளியும், ஸீஸிஸின் நாலு பேரப்பிள்ளைகளும், பாதிரியாரின் அரை வாளித் தீர்த்தமும். தவிர, பென்சிலால் எழுதின ரசீதை எங்கள் தொழிலில் எவன் மதிப்பான்? அழியாத மையில் எழுதினால் சந்தோஷம்தானே படுவார்கள் என்று பேனாவை எடுத்து, ஒவ்வொரு வட்டமாக, டயருக்குக் காற்று நிரப்புகிற மாதிரி, நிதானமாக நிரப்பினேன். ஒரு தப்பும் இல்லை. வெளியே வந்து மரத்தடியில் அம்மாக்களிடம் பெருமையாகப் பேனாவைக் காட்டினேன். அவர்கள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். "ஐயோ, பேனா பாக்கெட்ல இருக்கணும், நெஞ்சுக்குப் பக்கத்துல! எழுதறது பென்சில்லதான்!" ஊரில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. ஸ்டமாட்டியா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மண்டையைக் கொண்டுபோய் மந்திரிச்சிருக்கணும். பேனாவைக் கொண்டுபோனது என் தப்புதான்."

இரண்டாம் பகுதி ஒரு நண்பனுக்குக் கடிதம். ஜான் என்கிற ஒருத்தனுக்கு, உன் பாஷை ஒரு பாஷையா என்று கேட்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். இருபது மார்க். மூன்றாம் பகுதி பேச்சு. மூக்கு வெயிலில் வெந்துபோன ஒரு ஆங்கிலேய அம்மாள் எதிரே உட்கார்ந்து, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். வெளியே நிற்கிற வெள்ளைக் கார் உங்களுடையதா, முன்பக்க இடது டயர் தேய்ந்து வழுக்கையாகிவிட்டது, அதில் மலைப்பாதை இறங்காதீர்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எச்சரித்தேன். அவள் பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். பதினொரு மார்க். முதல் பகுதிக்குப் பூஜ்யம். உரானியா ஏதென்ஸுக்கு நாலு தடவை போன் போட்டாள். "மெஷினுக்கு மை தெரியாதுங்க, தாள் வெறுமையா இருந்ததுன்னுதான் பதிவாயிருக்கு" என்றார்களாம். பாருங்கள் மச்சான், ஒரே மாதிரி ஒலிக்கிற நூற்றிருபது ஜோடியை ஒரு டயர்க்காரன் பிரித்தறிய வேண்டுமாம், நீல மைக்கும் வெறும் தாளுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு பெட்டி அவனுக்கு மார்க் போடுமாம்!

மொத்தம் முப்பத்தொன்று. பாஸுக்கு அறுபது. காப்பிக் கடையில் ஸீஸிஸ், "டேய், முப்பத்தொண்ணு என் பேத்தியோட செருப்பு சைஸ்டா" என்றான். பேனா கதையைச் சொன்னேன். "பெயிலானவன் எல்லாம் பேனாவைத்தான்டா திட்டுவான்" என்றான். நான் எனக்காகத் தலை குனியவில்லை, அது எனக்குப் பழக்கம். இரண்டரைப் பிள்ளைகளில் அந்த அரையும் நேற்று நின்றுவிட்டது. உரானியா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள், சுத்தமான பலகையை. அதைப் பார்த்துக்கொண்டு இங்கே இருக்க என்னால் முடியாது. அதனால்தான் அவளை அனுப்புகிறேன். நாற்காலி ஜன்னல் பக்கமாகக் கிடைத்தால் நல்லது. இருபது வருடம் கப்பலில் சமைத்துக் கற்ற உங்கள் ஆங்கிலத்தை மட்டும் அவளிடம் பேசாதீர்கள். ஏற்கெனவே நொந்து போயிருக்கிறாள்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் முத்தங்களையும் சேர்ப்பிக்கவும். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல், முழங்கால் வலிக்காமல், நூறு வருடம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்த தங்கை புருஷன்,
வயோஸ்

பி.கு.: சனிக்கிழமை எழுதி முடித்த கடிதத்தை இன்று திங்கள் தபாலில் போடப் போகும்போது இதைச் சேர்க்கிறேன். நேற்று உரானியா, "அப்பா, உங்க மானத்தை ஒரு வாரத்துக்கு இரவல் தருவீங்களா?" என்றாள். "எங்கேயாவது கிடந்தா எடுத்துக்கோம்மா" என்றேன். இன்று காலை மாடியறைக்கு வெளியே ஒரு பெரிய துணி தொங்குகிறது. அதில் ஆள் உயரத்துக்கு என் படம், வாயைத் திறந்தபடி. கீழே கொட்டை எழுத்தில்: 'இவர் வயோஸ். இவரை உங்களுக்குத் தெரியும். இவரையே நாங்கள் முப்பத்தொரு மார்க் வாங்க வைத்தோம். உங்கள் பிள்ளையை யோசித்துப் பாருங்கள்.' பத்து மணி வரைக்கும் தெருவே நின்று சிரித்தது. பிறகு அம்மாக்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தார்கள். "வயோஸுக்கே முப்பத்தொண்ணுன்னா, என் பையனுக்குத் தொண்ணூறுக்குக் குறையாதே!" மத்தியானத்துக்குள் இருபத்துமூன்று பேர் சேர்ந்தாகிவிட்டது. ஸீஸிஸ் நாலு பேரப்பிள்ளைகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினான். "நான் இவன்கூட ஒரே பெஞ்சுல உட்கார்ந்தவன், எனக்குத் தெரியும், இது அதிசயம்" என்று வரிசையில் நின்றவர்களுக்குச் சாட்சி சொன்னானாம். ஆகையால் புதன்கிழமை மூன்று மணிக்கு பஸ் நிலையத்துக்கு வர வேண்டாம், முழங்காலுக்கு நல்லதில்லை. அந்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், எங்களுக்கே இங்கே பதினேழு நாற்காலி குறைகிறது.