மூன்று முறை தவறினால் மாமாவுக்கும் அனுமதி இல்லை

பயந்தவன் கையில் பூட்டைக் கொடுக்கக் கூடாது. திருடன் வருவதற்கு முன்பே வீட்டுக்காரரை வெளியே விட்டுப் பூட்டிவிடுவான். (நான் வெளியே விட்டவர் மணப்பெண்ணின் அப்பா.)

மலேசியாவில், ஈப்போ நகரில் எங்கள் மாதா கோவில் அலுவலக அலமாரியில் ஒரு சர்வர் இருக்கிறது. லினக்ஸில் ஓடுவது. பூசைகளை நேரலையாக அனுப்பும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. அந்த மரியாதைதான் என் தலைக்கு ஏறியிருந்தது.

என் தாய்மாமா மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம் வந்தது. பக்கத்து ஊரான லகாட்டில் தன் வீட்டுக்கு அலங்கார விளக்கு கட்ட ஏணியில் ஏறிய மாமா, விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

“வேற ஒண்ணும் வேணாம்டா அருள். எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறுறத மட்டும் காட்டிடு.”

ரப்பர் தோட்டத்தில் பிறந்து, லாரி ஓட்டி மகளைப் படிக்கவைத்தவர். அதற்கு முன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

அந்தச் சமயம் பார்த்து, எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தின் இணையப் பக்கத்தில் யாரோ புகுந்து சூதாட்ட விளம்பரம் போட்டுவிட்டான். எனக்குத் தூக்கம் போயிற்று. தாலி கட்டும் நேரத்தில் மாமாவின் திரையில் சீட்டுக்கட்டு விரிந்தால்? எங்கள் சர்வரின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். எங்கெங்கோ இருந்து யார் யாரோ விடாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். (இணையத்தில் இருக்கும் எல்லாக் கணினிகளுக்கும் இது அன்றாடம் நடப்பதுதான். எனக்கு அன்றுதான் முதல் தரிசனம்.)

நேரலைக்குக் கடவுச்சொல் வைத்தேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. மூன்று முறை தவறாக அடித்தால் அந்த இணைப்பையே ஒரு நாள் முழுக்க வெளியே நிறுத்தும் காவலையும் போட்டேன். அலமாரி இருந்த அலுவலகத்தைப் பூட்டி, சாவியைப் பாதரிடமே கொடுத்தேன். “யாரையும் நம்பாதீங்க பாதர்” என்று எச்சரிக்கையும் செய்தேன்.

கல்யாணத்தன்று கடைசி வரிசையில் மடிக்கணினியுடன் உட்கார்ந்தேன். பைபிள் வாசகம் நடக்கும்போது ஓர் இணைப்பு தவறான கடவுச்சொல்லோடு வந்தது. மறுபடியும். மறுபடியும். காவல் அதை வெட்டி எறிந்தது. மாட்டினான் பயல் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கைப்பேசி அதிர்ந்தது. ஆஸ்பத்திரியில் மாமாவுக்குத் துணையாக இருந்த அவர் தம்பி, சின்ன மாமா.

“டேய், ஒண்ணும் தெரியலடா. போன் வெள்ளையா இருக்குலா.”

“பாஸ்வேர்ட் போட்டீங்களா?”

“ஏன் போடல? நான் போட்டேன், பெரியம்மா அவங்க போன்ல போட்டாங்க, பக்கத்து கட்டில் அண்ணே அவரு போன்ல போட்டாரு.”

“யாரு லைன்ல?”

“எல்லாம் என் லைன்தான். ஒண்ணா உக்காந்திருக்கோம், ஆளுக்கொரு டேட்டா எதுக்குடா?”

மூன்று பேர் பாசத்தோடு ஆளுக்கொரு முறை தவறாக அடித்திருக்கிறார்கள். சர்வரின் கண்ணுக்கு அது விடாப்பிடியான ஒரே திருடன்.

தடையை நீக்க மடிக்கணினியிலிருந்து சர்வருக்குள் நுழையப் பார்த்தேன். என் கடவுச்சொல்லை அவசரமாக அடித்தேன். தவறு. மறுபடியும் தவறு. மூன்றாவது தவறில் காவல் என்னையும் வெளியே தள்ளியது. (பாரபட்சமே பார்க்காத காவல். நான் எழுதியது.) இனி சர்வருக்கு முன்னால் நேரில் போய் உட்கார வேண்டும். சாவி பாதரின் கால்சட்டைப் பையில். பாதர் பீடத்தில், பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார். பிரசங்கம் முடிந்தால் வாக்குறுதி, அடுத்தது தாலி.

எழுந்து நடுப்பாதையில் நடந்தேன். ஜெசிந்தா எனக்கு முறைப்பெண். அத்தை மகன் ஒருவன் வேர்த்து விறுவிறுத்து, கல்யாணத்துக்கு நடுவில் பீடத்தை நோக்கி நடந்தால் கூட்டம் என்ன நினைக்கும்? மாப்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டார்.

“பாதர், ஆபீஸ் சாவி” என்று கிசுகிசுத்தேன்.

“இப்பவா? எதுக்குப்பா?”

“மாமாவ வெளிய தள்ளிட்டேன் பாதர்.”

“எந்த மாமாவ?”

“பொண்ணோட அப்பாவ.”

பாதரின் கழுத்தருகே ஒலிவாங்கி இருந்தது. கோவிலின் கடைசித் தூண் வரை கேட்டது. ஜெசிந்தா திரும்பிப் பார்த்த பார்வையில் மூன்று முறைகூட வாய்ப்பு இல்லை. பாதர் பூசை உடையைத் தூக்கி, பைக்குள் துழாவி, சாவியைக் கொடுத்தார்.

“நீ வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கேன். ஓடு.”

ஓடினேன். சர்வரின் முன் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லி அடித்தேன். தடையை எடுத்தேன். காவலையும் கடவுச்சொல்லையும் சேர்த்தே எடுத்தேன். சூதாட்டக்காரன் வந்தால் வரட்டும், அவனும் கல்யாணம் பார்க்கட்டும்.

சின்ன மாமாவை அழைத்தேன். மறுமுனையில் மாமாவின் குரல் வந்தது.

“வந்துருச்சுடா. எம் பொண்ணு தெரியிறா.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கைப்பேசியை அணைக்கவும் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதிலிருந்து மாமாவின் குரல் மறுபடியும் கேட்டது.

“டேய், தாலிய காட்டச் சொன்னா பாதர் பேசுறதயே காட்டுற? இப்பதான் நோவா கப்பல் கட்ட ஆரம்பிச்சிருக்காரு. பொண்ணுக்குக் கண்ணு சொருகுதுலா. யாராச்சும் அவர நிறுத்துங்கடா!”

அப்போதுதான் நினைவு வந்தது. பாதர் எனக்காகத்தான் பேசிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் வாசலில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். நோவாவை வெள்ளத்திலேயே விட்டுவிட்டு பாதர் ‘ஆமென்’ என்றார். கூட்டம் அவ்வளவு உரக்க ‘ஆமென்’ சொல்லி நான் கேட்டதில்லை. தாலி ஏறியது. பத்து காஜாவில் அந்த வார்டே கைதட்டியதாகச் சின்ன மாமா சொன்னார்.

மாமா இப்போது நடக்கிறார். லகாட் வீட்டுக்கு நான் போய்க் கேட்டைத் தட்டினால் உள்ளிருந்து சத்தம் வரும்.

“யாரு, அருளா? தோட்டத்துல துரைகூட என்னைய வெளிய நிறுத்தலடா. மூணு தடவ தட்டிட்டியா? அப்ப நாளைக்கு வா!”

வீடே சிரிக்கும். ஜெசிந்தா கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பாள். சிரிப்பு அடங்கிய பிறகுதான் கேட் திறக்கும்.

நான் இரண்டு முறை தட்டிவிட்டு நின்றுகொள்வேன். மூன்றாவது முறை தட்ட இன்னும் கை வரவில்லை.